கோபம் நியாயம்தான், ஆனா கோப்பு நகரணுமே! – பஸ்ஸுக்காக எழுதின வாசகிக்கு ஒரு வக்கீலோட பதில்

இந்த வாரம் எடுத்துக்கிட்ட கடிதம் தென் மாவட்டத்துல ஒரு கிராமத்துல இருந்து வந்தது. எழுதினவங்களுக்கு 31 வயசு, எம்.ஏ. தமிழ் படிச்சவங்க, டவுன்ல ஒரு ஜவுளிக்கடையில கணக்கு எழுதறாங்க. பேரு, ஊரு, பஸ் நம்பர் எல்லாத்தையும் எடுத்துட்டேன், அடையாளம் தெரியக்கூடாதுனு ஒண்ணு ரெண்டு விவரத்த மாத்தியும் வச்சிருக்கேன்.

விஷயம் இதுதான். ஊர்ல இருந்து டவுன் 11 கிலோமீட்டர். காலையில 6.10-க்கு ஒரு ஒயிட் போர்டு டவுன் பஸ் இருந்துச்சு, பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். 8 மாசமா அந்த ட்ரிப் வர்றதில்ல, அடுத்த பஸ் 8.45-க்குத்தான். பூ எடுத்துட்டு மார்க்கெட் போறவங்க, கட்டட வேலைக்குப் போறவங்க, காலேஜ் பிள்ளைங்க எல்லாருக்கும் இப்ப ஷேர் ஆட்டோதான் கதி. இவங்க உக்காந்து 6 பக்கத்துக்கு ஒரு கட்டுரை எழுதி ஒரு வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாங்க, பதிலே இல்ல. அதையே சுருக்கி திங்கக்கிழமை குறைதீர் நாள்ல கலெக்டர் ஆபீஸ்ல மனுவா கொடுத்தாங்க, மனு சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டிருக்குனு ஒரு சீட்டு வந்துச்சு, அவ்ளோதான். ஊர் வாட்ஸப் குரூப்ல போட்டாங்க, எல்லாரும் கட்டைவிரல் தூக்கினாங்க, பஸ் மட்டும் வரல.

கேட்டிருக்கறது நாலு கேள்வி. என் எழுத்துல காரம் போதலையா? டெப்போ மேனேஜர் ஆட்டோக்காரங்ககிட்ட காசு வாங்கிட்டுதான் ட்ரிப்ப நிறுத்தினார்னு ஊரே பேசுது, அத எழுதலாமா? வீட்டுக்காரர் அரசு ஊழியர், நான் எழுதினா அவருக்கு மெமோ வருமா? புனைபேர்ல எழுதினா பாதுகாப்பா? கடைசியா, "பொதுப் பிரச்சனைய பத்தி எழுதி ஒருத்தர் மனச மாத்தணும் சார், அத எங்க போய் கத்துக்கறது"னு முடிச்சிருக்காங்க. கட்டுரையோட நகலையும் சேத்து அனுப்பினதுக்கு நன்றிம்மா, அது இல்லனா நானும் பொத்தாம்பொதுவா நாலு வார்த்தை சொல்லிட்டுப் போயிருப்பேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், உங்க தமிழ்ல ஒரு குறையும் இல்ல, காரமும் தேவைக்கு மேலயே இருக்கு. ஒரு குறள்ல ஆரம்பிச்சு, செங்கோல் கொடுங்கோல்னு போயி, "ஆட்சியாளர்களே விழித்தெழுங்கள்"னு வரும்போது ரெண்டரை பக்கம் முடிஞ்சிடுச்சு, அதுவரைக்கும் பஸ் எத்தனை மணிக்கு வந்துட்டிருந்துச்சுனே எனக்குத் தெரியல. பட்டிமன்ற மேடையில இது கைதட்டல் வாங்கும். ஆனா டெப்போல உக்காந்திருக்கறவர் இத படிச்சா அவர் கை எதுக்கும் நகராது, ஏன்னா அவர் செய்யறதுக்கு இதுல எதுவுமே இல்ல.

எனக்கும் இது பட்டுத் தெரிஞ்சதுதான். ஜூனியரா இருந்தப்ப ஒரு தெருவோட சாக்கடைப் பிரச்சனைக்கு மனு எழுதிட்டு வானு சீனியர் சொன்னார், ராத்திரி முழுக்க உக்காந்து எழுதினேன், எழுதினத நானே நாலு தடவ படிச்சுப் பாத்து பெருமைப்பட்டுக்கிட்டேன். அவர் சிவப்புப் பேனாவ எடுத்து "அராஜகம்", "மெத்தனப்போக்கு", "கண்டும் காணாமல்" எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அடிச்சார், கடைசில மிஞ்சினது ரெண்டு வரி. "எந்தத் தெரு, எத்தனை வீடு, எந்தத் தேதியில இருந்து தண்ணி நிக்குது, இது எங்கப்பா?"னு கேட்டார். அது எங்கயுமே இல்ல.

4-ஆம் பக்கத்துல ஒளிஞ்சிருக்கற வரி

உங்க கட்டுரையில 4-ஆம் பக்கம் நடுவுல, அடைப்புக்குறிக்குள்ள போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க: பக்கத்து வீட்டு பூக்காரம்மா தினம் ஆட்டோவுக்கு 30 ரூபா கொடுக்கறாங்க, 8.45 பஸ்ல போனா பூ வாடலேனாலும் விலை வாடிடும்னு அவங்களே சொன்னாங்கனு. அம்மா, உங்க கட்டுரையே அதுதான், அத எடுத்துட்டு வந்து முதல் வரியில வைக்கணும். மாசத்துல 26 நாள் போறாங்கனு வச்சுக்கிட்டா 780 ரூபா, போறதுக்கு மட்டும்.

இப்ப அதுக்குப் பக்கத்துல இன்னொரு எண்ண வைப்போம். 2021 மே மாசம் தமிழ்நாட்டுல சாதாரண கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு கட்டணமில்லாப் பயணம் வந்துச்சு, இதால பெண்களுக்கு மாசம் சராசரியா 888 ரூபா மிச்சமாகுதுனு மாநிலத் திட்டக்குழு ஆய்வு சொல்லுச்சு. நீங்களும் இந்த 888-ஐ எழுதியிருக்கீங்க, ஆனா "தமிழ்நாட்டுப் பெண் ஒவ்வொருவரும் மாதம் 888 ரூபாய் சேமிக்கிறார்"னு போட்டிருக்கீங்க. அது தப்பு, அது சராசரி. படிக்கிற அதிகாரி இந்த ஒரு சறுக்கலப் பிடிச்சுக்கிட்டு மிச்ச 5 பக்கத்தையும் ஓரமா வச்சிடுவார். சரியா எழுதினா அதே எண் உங்க பக்கம் நின்னு பேசும், இப்படி:

"எங்கள் ஊரிலிருந்து காலை 6.10-க்குப் புறப்பட்ட டவுன் பஸ் 8 மாதங்களாக வருவதில்லை. அடுத்த பஸ் 8.45-க்கு. அதற்குள் பூ மார்க்கெட்டில் விலை இறங்கிவிடுகிறது. பூ விற்கும் பெண்கள் ஷேர் ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு 30 ரூபாய் கொடுக்கிறார்கள், மாதம் 26 நாளுக்கு 780 ரூபாய். கட்டணமில்லாப் பயணத்தால் பெண்களுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக்குழு கண்டறிந்தது. எங்கள் ஊரில் அந்த மிச்சம் ஆட்டோவுக்குப் போகிறது. 6.10 டிரிப்பை மீண்டும் இயக்கித் தர வேண்டுகிறோம்."

திட்டுற வார்த்தை ஒண்ணு கூட இல்ல, அரசோட திட்டத்தை குறை சொல்லவே இல்ல, உங்க திட்டம் எங்க ஊருக்கு வந்து சேரலனு மட்டும்தான் சொல்லுது. இத மறுக்கணும்னா பஸ் வருதுனு காட்டணும், இல்ல 30 ரூபா பொய்னு சொல்லணும், வேற வழி இல்ல.

ஆனா ஒரு பூக்காரம்மா போதாது. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. ரெண்டு வாரம், 5.50-ல இருந்து 8.45 வரைக்கும், நீங்க பாதி நாள், காலேஜ் பிள்ளைங்க பாதி நாள்னு பிரிச்சுக்கிட்டு ஸ்டாப்புல நிக்கறவங்கள எண்ணுங்க. தேதி, பெண்கள் எத்தனை, ஆண்கள் எத்தனை, எத்தனை பேர் ஆட்டோல ஏறினாங்க, பஸ் வந்துச்சா, அவ்ளோதான் கட்டம். ஒருநாள் பஸ் வந்தா வந்துச்சுனே எழுதுங்க, உங்களுக்கு சாதகமில்லாத நாளையும் மறைக்காம இருக்கற நோட்டுக்குத்தான் மதிப்பு, குறுக்கு விசாரணையில நான் பாத்தது அது.

இது புது வித்தை இல்ல. 1852-ல மெட்ராஸ்ல கஜுலு லட்சுமிநரசு செட்டி ஆரம்பிச்ச சென்னை சுதேசி சங்கம், குடியானவங்ககிட்ட வரி வசூலிக்க சித்திரவதை பண்றாங்கனு இங்கிலாந்து பார்லிமெண்டுக்கு மனு அனுப்புச்சு. கொடுமை கொடுமைனு கத்தினதோட நிக்காம, 1853-ல சீமோர்னு ஒரு எம்.பி. மெட்ராஸ் வந்தப்ப செட்டியார் அவரை ஜில்லா ஜில்லாவா கூட்டிட்டுப் போய் ஜனங்கள நேர்ல பாக்க வச்சார். அடுத்த வருஷம் விசாரணைக் கமிஷன், 1855-ல அறிக்கை. அதுல விரல நெரிக்கற கிட்டி, ஆள குனிய வச்சு கட்டிப்போடற அண்ணாந்தாள்னு கருவி பேரு, முறை பேரோட பதிவாச்சு. கிட்டினு ஒரு பொருள் பேரோட காகிதத்துல ஏறினதுக்கப்புறம் அப்படி ஒண்ணும் நடக்கலனு யாரு சொல்றது?

யாருக்கு எழுதறோம்?

கலெக்டருக்கு மனு கொடுத்தா பஸ் வந்துடும்னு நீங்க நெனச்சதுல தப்பில்ல, எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க. ஆனா கலெக்டர் அரசு பஸ் ஓட்டறதில்ல, அவர்கிட்ட போன மனு போக்குவரத்துக் கழகத்துக்குத்தான் திரும்பிப் போகும். அதனால கிளை மேலாளருக்கு (டெப்போ மேனேஜர்தான்) ஒண்ணு, கோட்டத்தோட பொது மேலாளருக்கு ஒண்ணுனு ஸ்பீடு போஸ்ட்ல நேரா அனுப்புங்க, கலெக்டருக்கு நகல் போடுங்க. நகல் எதுக்குனா, மினி பஸ் பெர்மிட் மாதிரி விஷயங்கள பாக்கற வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்கு நம்ம மாநிலத்துல அவர்தான் தலைவர். நாளைக்கு அரசு பஸ் விட முடியலனு கைய விரிச்சா, பஸ் இல்லாத ஊருக்கு மினி பஸ் வழித்தடம் கேட்டு நீங்க போய் நிக்கவேண்டிய இடம் அது. ஆனா மினி பஸ்ஸுல கட்டணம் உண்டு, பூக்காரம்மா கணக்குல அது பாதி வெற்றிதான், அதனால முதல் மனுவுல அத கேக்காதீங்க. ஒரு மனு, ஒரு கோரிக்கை. உங்க பழைய மனுவுல பஸ், நிழற்குடை, தெருவிளக்கு, டாஸ்மாக் கடை நாலும் இருந்துச்சு, நாலு துறைக்குப் போற விஷயத்த ஒரே காகிதத்துல போட்டா அத முதல்ல யாரு எடுக்கறதுனே தெரியாம கிடக்கும்.

கிராம சபையையும் விட்டுடாதீங்க. இப்ப ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1-னு வருஷத்துக்கு 6 தடவ கூடுது. தீர்மானம் போட்டா பஸ் விட்டே ஆகணும்னு ஊர்ல சொல்றாங்கனு எழுதியிருந்தீங்க, சட்டப்படி அது போக்குவரத்துக் கழகத்த கட்டுப்படுத்தாது. ஆனா தீர்மான நகல் மனுவோட இணைப்பா போனா இது ஒரு தனி ஆள் புலம்பல் இல்லனு ஆயிடும், அதுக்காகவே போடுங்க.

பத்திரிகைக்கு எழுதறது வேற. அங்க படிக்கறவருக்கு உங்க ஊர் எங்க இருக்குனே தெரியாது, அவருக்கு ஏன் இது முக்கியம்னு ஒரு காரணம் வேணும். "டிக்கெட் இல்லாத பஸ், பஸ்ஸே இல்லாத ஊர்"ங்கற கோணம் அவருக்குப் புரியும், அவர் சொந்த ஊர்லயும் இருக்கும். 600 வார்த்தைக்குள்ள நிறுத்துங்க.

எதிர்வாதத்த நீங்களே முதல்ல சொல்லுங்க

"இலவசம் கொடுத்ததால கழகத்துக்கு நஷ்டம், அதனாலதான் ட்ரிப்ப வெட்டறாங்க"னு நீங்களே ஒரு இடத்துல ஒத்துக்கிட்டு எழுதியிருக்கீங்க. இது டீக்கடையில பேசற பேச்சு, அப்படியே எடுத்துக்காதீங்க. பெண்கள் டிக்கெட் இல்லாம போற பயணத்துக்கு அரசு கழகங்களுக்கு ஈடு கொடுக்குது, 2021-ல அதுக்கு 1,200 கோடி ஒதுக்கினாங்க, 2025-26 பட்ஜெட்ல 3,600 கோடி. அந்த ஈடு போதுமானதா, நேரத்துக்கு வருதாங்கறது தனி விவாதம். ஆனா உங்க ஸ்டாப்புல நிக்கற பெண்கள் ஓசி பயணிங்க இல்ல, அவங்க பயணத்துக்கும் கழகத்துக்குப் பணம் வருது. இத ஒரு வரியில சொல்லிட்டீங்கனா "வசூல் இல்லாத ட்ரிப்"ங்கற பதில் வர்றதுக்கு முன்னாடியே பாதி அடங்கிடும்.

அவங்க சொல்லக்கூடிய உண்மையான காரணம் டிரைவர் கண்டக்டர் பத்தாக்குறையா இருக்கலாம், வண்டி பழசா இருக்கலாம். அத இல்லனு சண்டை போடாம, "தினமும் முடியாது என்றால் பூ சீசனிலாவது" "8.45-ஐ 6.45 ஆக மாற்றினாலும் போதும்"னு அவர் ஒத்துக்கக்கூடிய ஒரு படிய நீங்களே போட்டுக் கொடுங்க. (8.45-ஐ நம்பி ஸ்கூல் பிள்ளைங்க இருக்காங்களானு உங்க நோட்டப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, இல்லனா அவங்கம்மா எல்லாம் உங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.)

காரணம் என்னனு யூகிக்க வேணாம், கேட்டே வாங்கலாம். தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி கழகத்தோட பொதுத் தகவல் அலுவலருக்கு தமிழ்லயே எழுதுங்க, எதுக்குக் கேக்கறீங்கனு சொல்ல வேண்டியதில்ல, 30 நாள்ல பதில் வரணும், வரலனா முதல் மேல்முறையீடு. "ஏன் நிறுத்தினீங்க"னு கேக்காதீங்க, விளக்கம் கேக்கறீங்க, இது தகவல் இல்லனு திருப்பி அனுப்பிடுவாங்க. "அந்த வழித்தடத்துக்கு ஒப்புதலான கால அட்டவணை நகல்", "கடந்த 8 மாதத்தில் 6.10 டிரிப் இயக்கப்பட்ட, ரத்தான தேதிகள்", "ரத்துக்குப் பதிவேட்டில் எழுதப்பட்ட காரணத்தின் நகல்"னு இருக்கற காகிதத்த கேளுங்க. அந்த அட்டவணையில 6.10 இன்னமும் இருந்துச்சுனா, காகிதத்துல ஓடற பஸ் ரோட்டுல ஓடலனு ஆகுது, அதுக்கப்புறம் உங்க மனு ரொம்பச் சின்னதா எழுதினாலே போதும்.

"காசு வாங்கினார்"னு எழுதலாமா?

இப்ப இருக்கற நிலைமையில கூடாது. உங்ககிட்ட இருக்கறது ஊர்ப்பேச்சு. 2024 ஜூலை 1-ல இருந்து அவதூறு குற்றம் பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவுல வருது, 2 வருஷம் வரைக்கும் சிறையோ அபராதமோ ரெண்டுமோ, இல்ல சமூக சேவையோ தண்டனையா வரலாம். வாட்ஸப்ல போட்டாலும் அதேதான். கட்டுரையில அவர் பேரு போடல, ஆனா "எங்கள் டெப்போ மேலாளர்"னு போட்டிருக்கீங்க, அந்தப் பதவியில இருக்கறது ஒரே ஒரு ஆள், பேரு போட்ட மாதிரிதான்.

அதுக்காக பயந்து வாயே திறக்கக்கூடாதுனு இல்ல. ஒரு அரசு அலுவலர் தன் பொது வேலையில நடந்துக்கற விதத்தப் பத்தி நல்லெண்ணத்தோட கருத்து சொல்றதுக்கு அதே பிரிவுல விலக்கு இருக்கு, அதிகாரம் உள்ள மேலதிகாரிகிட்ட நல்லெண்ணத்தோட புகார் கொடுக்கறதுக்கும் இருக்கு. 1994-ல உச்ச நீதிமன்றம் ஆர். ராஜகோபால் வழக்குல, அது நம்ம தமிழ்நாட்டு வழக்குதான், அரசோ உள்ளாட்சியோ தன்னை அவதூறு பண்ணிட்டாங்கனு நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட முடியாதுனு சொல்லிடுச்சு. அதனால "கழகம் எங்கள் ஊரைக் கைவிட்டுவிட்டது"னு தாராளமா எழுதுங்க. "இன்னார் காசு வாங்கினார்"ங்கறதுக்கு மட்டும் ஆதாரம் வேணும். ஆதாரம் கிடைச்சா அது கட்டுரைக்கானது இல்ல, லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போற புகார், தனியா. இன்னொண்ணும் யோசிங்க, அந்த வரி உள்ள வந்ததும் பேச்சு பஸ்ஸ விட்டுட்டு அந்த ஆள் மேல போயிடும், அவரும் தன்ன காப்பாத்திக்கத்தான் பாப்பாரே தவிர 6.10-ஐ யாரு பாப்பா?

வீட்டுக்காரர், புனைபேர்

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973 உங்க வீட்டுக்காரரத்தான் கட்டுப்படுத்தும், உங்கள இல்ல. பேச்சுரிமை உங்களுக்கு உங்க பேர்லயே இருக்கு, அவரோட சம்சாரம்ங்கறதால குறையாது. ஆனா மூணு விஷயத்துல ஜாக்கிரதை: அவர் ஆபீஸ் கோப்புல பாத்தத எடுத்து எழுதாதீங்க, அவர் நம்பர்ல இருந்தோ மெயில்ல இருந்தோ அனுப்பாதீங்க, மனுவுல அவர்கிட்ட கையெழுத்து வாங்காதீங்க. எழுதி முடிச்சதும் அவருக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டிடுங்க, இது சட்டத்துக்காக சொல்லல, ஆபீஸ்ல யாராவது கேட்டா மனுஷன் முழிக்கக்கூடாதுனுதான்.

புனைபேர பத்திரிகையில வச்சுக்கலாம், ஆனா ஆசிரியருக்கு உண்மையான பேரும் முகவரியும் கொடுத்துத்தான் ஆகணும். மனுவுல வேணாம். பேரில்லாத மனுவ மொட்டைக் கடுதாசினு சொல்லி மூலையில போட்டுடுவாங்க. தனியா தெரியறது பயமா இருந்தா 20 பெண்கள் கையெழுத்தோட, உங்க பேர நடுவுல எங்கயாவது வச்சு அனுப்புங்க.

எங்க கத்துக்கறது?

இதுக்குனு தனியா ஒரு வகுப்புக்குப் போய்த்தான் ஆகணும்னு இல்ல. ஒவ்வொரு வருஷமும் சட்டமன்றத்துல மானியக் கோரிக்கை, அதாவது துறையோட செலவுக்கு ஒப்புதல் கேக்கறது, வரும்போது போக்குவரத்துத் துறை கொள்கை விளக்கக் குறிப்புனு ஒண்ணு வைக்கும், தமிழ்லயே இருக்கும், இலவசமா கிடைக்கும். படிக்க சுவாரசியமே இருக்காது, ஆனா அரசு தன்னைப் பத்தி எதுல பெருமைப்படுது, எந்த எண்ணச் சொல்லிக்குதுனு அதுல தெரியும். அந்தப் பெருமைய வச்சே கேக்கறதுதான் இந்த எழுத்துல பாதி வேலை, மேல 888-ஐ வச்சுப் பண்ணினது அதுதான். தினமும் தலையங்கம் ஒண்ணு எடுத்து, இதுல கோரிக்கை என்ன, அத யாரால செய்ய முடியும்னு ஓரத்துல பென்சில்ல எழுதிப் பழகுங்க. பாதி தலையங்கத்துல ரெண்டுமே இருக்காது, அது தெரிஞ்சதும் உங்க மேலயே உங்களுக்கு நம்பிக்கை வந்துடும்.

அந்தக் குறள தூக்கிப் போட வேணாம், கிராம சபையில பேசும்போது வச்சுக்கோங்க, அங்க அது எடுபடும்.

மனுவ எழுதி முடிச்சதும் தபால்ல போடறதுக்கு முன்னாடி பூக்காரம்மாகிட்ட ஒரு தடவ சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. "30 எங்கம்மா, மழை நாள்ல 40 வாங்கறானே, கூடைக்குத் தனியா வேற"னு ஏதாவது திருத்தம் சொல்வாங்க. அத சேத்துட்டு அனுப்புங்க.